சேல்கெண்டையின் இடது துடுப்பு

ஈரத்துணி விரித்த பலகையின் மேல் ஒரு சாண் நீளத்தில் ஒரு மீன். அதை மல்லாத்திப் போட்டு, வயிற்றுப் பக்கத்துத் துடுப்புகள் இரண்டையும் கட்டைவிரலால் விசிறி மாதிரி விரித்துப் பார்க்கிறார் இன்ஸ்பெக்டர் சார். வலது துடுப்பு முழுசாக இருக்கிறது. இடதும் முழுசாக இருக்கிறது. மீனைத் தண்ணீர் வாளிக்குள் விட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறார். அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. ஐந்தாவது மீனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சிரிக்கிறார். சத்தமே வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்குகிறது. இடுப்பளவு தண்ணீரில் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த வலைக்காரர், "இன்னா சார், லாட்டரி கீட்டரி உழுந்துச்சா?" என்று கத்துகிறார். வாளியைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நிற்கிறேன். இரண்டு வருடமாக அந்த மனிதர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

அந்தச் சிரிப்பை அவர் முகத்திலிருந்து எடுத்தவள் நான்தான். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைப்பு. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவளுக்கு எழுத்தில் தைரியம் வராது. அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி போய்ப் பார்க்கிற மாதிரி, ஒரு வரி எழுதினால் இரண்டு தடவை படித்துப் பார்க்கிறேன். ஆனாலும் இதில் நான் சொல்லாவிட்டால் சொல்ல வேறு ஆள் இல்லை.

அறுபதுகளின் கடைசி. நூம்பலுக்கும் பாரிவாக்கத்துக்கும் நடுவில், கூவம் ஆற்றை ஒட்டி, அரசாங்கத்து மீன் பண்ணை ஒன்று இருந்தது. ஏழு குளம், ஒரு ஓட்டுக் கொட்டகை, ஒரு கிணறு, அவ்வளவுதான். கூவம் என்றதும் இப்போது எல்லோரும் மூக்கைப் பிடிக்கிறார்கள். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் அது மணல் ஆறு. ஐப்பசி கார்த்திகையில் செந்நிறமாக ஓடும். தையில் தெளியும். சித்திரையில் வெறும் மணலாகி, அங்கங்கே மடுக்களில் மட்டும் தண்ணீர் நிற்கும். நான் அதற்கு முன் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள். நாங்கள் நட்ட நிலம் மனைக்கட்டாகப் போனது. என் வீட்டுக்காரருக்கு அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. எனக்கு மீன் பண்ணையில் கிடைத்தது. குளத்துக்குத் தவிடும் புண்ணாக்கும் போடுவது, பாசி எடுப்பது, குஞ்சுகளைப் பொறுக்கிப் பிரிப்பது. நட்டுப் பழகிய விரல், குஞ்சு பொறுக்க வாகாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் சார் வந்து சேர்ந்தபோது அவருக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது, இருபத்தாறோ இருபத்தேழோ. திருநெல்வேலிப் பக்கம். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். வேலப்பன்சாவடி டீக்கடையில் அவர் தன்னை மீன் இன்ஸ்பெக்டர் என்று சொல்லிக்கொண்ட அன்றைக்கே, "மீனுக்கெல்லாம் இன்ஸ்பெக்டரா? லாக்கப்பு எங்க நைனா கீது?" என்று கேட்டுவிட்டார்கள். அதற்கும் அவர் சிரிக்கவில்லை. "ஏழு கொளம் இருக்குல்லா, அதான் லாக்கப்பு" என்று நிதானமாகப் பதில் சொல்லிவிட்டு டீயைக் குடித்தாராம். வலைக்காரர் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பண்ணைக்கு மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு, வடக்கத்தி மீன்களை வளர்த்துக் குஞ்சு கொடுக்க வேண்டும் என்பது. கட்லா, ரோகு. சீக்கிரம் பெருக்கும், எடை வரும். அதில் அவருக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் வந்த புதிதிலேயே ஆற்றில் இறங்கிப் பார்த்தவர், "இந்த ஆத்துக்குன்னு இருந்த சேல்கெண்டை எங்க?" என்று கேட்க ஆரம்பித்தார். சேல்கெண்டையைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. உதட்டு ஓரம் நைந்துபோன முந்தானைக் கரை மாதிரித் தொங்கலாக இருக்கும். ஒவ்வொரு செதில் நடுவிலும் செம்மண்ணைத் தொட்டு வைத்த மாதிரி ஒரு சிவப்பு. முதல் வெள்ளம் வந்ததும் சினையோடு தண்ணீரை எதிர்த்து மேலே ஏறும். ஏறி, மேட்டில் முட்டை விடும். அது ஏறுகிற நேரத்தில்தான் எல்லோரும் வலையைக் கட்டினார்கள். மேலே அணைக்கட்டு வழியை அடைத்தது. லாரிகள் முட்டை ஒட்டுகிற மணலை அள்ளிக்கொண்டு போயின. கேட்டபோது வலைக்காரர் தலையைச் சொறிந்தார். "அத்த ஏன் சார் கேக்குற? சினை மீனு ருசியே தனி. பூந்தமல்லி சந்தைக்குப் போறதுக்குள்ள வித்துப்பூடும். நாந்தான் பாதிய புட்ச்சேன்னு வெச்சுக்கயேன்." அப்படிச் சொன்னவரையே சார் ஆற்றில் மீன் பார்க்கிற வேலைக்கு எடுத்துக்கொண்டார். மீன் எந்த மடுவில் ஒதுங்கும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை.

மேலிடத்துக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதி ஒரே ஒரு குளத்தைச் சேல்கெண்டைக்கு என்று வாங்கினார். கடைசி மடுக்களில் மிஞ்சியிருந்த தாய்மீன் சிலதைப் பிடித்து அதில் விட்டோம். வெள்ள காலத்தில் அவற்றுக்குச் சினை இறங்க ஊசி போட்டு, கொசுவலைத் துணியில் தொட்டில் மாதிரி தைத்துத் தண்ணீரில் கட்டி, அதற்குள் முட்டை விட வைத்தோம். குஞ்சு விரல் நீளம் வந்ததும் ஆற்றில் விட வேண்டும். அவ்வளவுதானே என்று நான் நினைத்தேன். அவர் அப்படி நினைக்கவில்லை. புண்ணாக்கு மூட்டை அடுக்கியிருந்த கொட்டகைச் சுவரில் கரிக்கட்டையால் மூன்று வரி எழுதினார். ஆற்றில் வலை போட்டால் விரல் அளவு, சாண் அளவு, முழ அளவு என்று மூன்று வயதிலும் மீன் கிடைக்க வேண்டும் என்பது முதல் வரி. ஆற்றிலேயே பிறந்த குஞ்சு, தொடர்ந்து இரண்டு வருடம் கிடைக்க வேண்டும் என்பது அடுத்தது. மூன்றாவது வரியைப் படித்துவிட்டு நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அதன் பிறகு நாம் ஒரு குஞ்சும் விடக் கூடாது, அப்போதும் மீன் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

நான் வாசித்துக் காட்டியதும் வலைக்காரர், "அப்போ நம்ம வேலைக்கு நாமளே உலை வெச்சுக்கிறமா?" என்றார்.

"ஆமா" என்றார் சார். "அந்த நாள் வந்தா நான் உங்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கித் தாரேன். நாம தேவையில்லன்னு ஆனாத்தான் மீனு பொழச்சுதுன்னு அர்த்தம்."

ஆற்றில் பிறந்த குஞ்சு எது, நாங்கள் விட்டது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் துடுப்பு. நாங்கள் விடுகிற ஒவ்வொரு குஞ்சுக்கும் வயிற்றுப் பக்கத்து இடது துடுப்பைச் சின்னக் கத்தரியால் அடியோடு வெட்டிவிட வேண்டும். வெட்டு இருந்தால் எங்கள் மீன். இரண்டும் முழுசாக இருந்தால் ஆற்று மீன். வெட்டுகிற வேலை எனக்கு வந்தது. ஈரக்கையில் குஞ்சைப் பிடித்து, மல்லாத்தி, ஒரு கத்தரிப்பு. முதல் நாள் அவர் சொன்னபடியே அடியோடு வெட்டினேன். கையில் அந்தச் சின்ன உடம்பு ஒரு தரம் துடித்து அடங்கும். மூன்றாம் நாள் காலையில் துணித்தொட்டிக்குள் பார்த்தால், வெட்டிய இடத்தில் பஞ்சு ஒட்டிய மாதிரி வெள்ளையாகப் பூத்து, பாதிக் குஞ்சு பக்கவாட்டில் மிதந்தது. சார் அன்றைக்கு ஊரில் இல்லை. செத்ததை எல்லாம் பொறுக்கிப் புதைத்தேன்.

அதற்குப் பிறகு நான் அடியோடு வெட்டவில்லை. நகத்தின் ஓரத்தை வெட்டுகிற மாதிரி, துடுப்பின் நுனியை மட்டும் வெட்டினேன். பார்த்தால் குட்டையாகத் தெரியும், காயம் இல்லை, ரத்தம் இல்லை. ஒரு குஞ்சும் சாகவில்லை. திரும்பி வந்த சார் நாலைந்தை எடுத்துப் பார்த்தார். "கை ராசிதாங்கா ஒங்களுக்கு" என்றார். சொல்லிவிடலாமா என்று நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் அடியோடு வெட்டச் சொல்வார், மறுபடி மிதக்கும். சும்மா இருந்துவிட்டேன். துடுப்பு திரும்ப வளரும் என்று எனக்குத் தெரியாது. அது சத்தியமாகத் தெரியாது.

மறுவருடம் தையில் மடுக்களில் வலை போட்டோம். சாண் அளவு மீன் கிடைத்தது. நாலைந்தில் இடது துடுப்பே இல்லை, முதல் நாள் வெட்டில் பிழைத்தவை. மற்றதெல்லாம் முழுத் துடுப்பு. வெட்டு நிலைக்கிறது என்பதற்கு அந்த நாலைந்தே சாட்சி என்று சார் நம்பினார். முழுத் துடுப்பு எல்லாம் ஆற்றுப் பிறப்பு என்று எழுதிக்கொண்டார். ஆனாலும் ஒரு வருடத்தை நம்பக் கூடாது என்று சிரிப்பை அடக்கிக்கொண்டார். அதற்கும் அடுத்த தையில், மூன்று அளவிலும் மீனோடு, வலை இன்னும் கனமாக வந்தது. நான் முதலில் சொன்ன அந்தச் சிரிப்பு அன்றைக்குத்தான்.

வாளியைப் பிடித்து நின்ற எனக்கு அப்போதே ஏதோ சரியில்லை என்று தோன்றியது உண்மை. ஆனால் என் பயத்தை நான் நம்புவதில்லை. மகளுக்கு இருமல் வந்தால் பயம், வீட்டுக்காரர் பஸ் தவறினால் பயம், வானம் கறுத்தால் பயம். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவளுக்கு ஒரு கஷ்டம், எந்தப் பயம் நிஜம் என்று அவளுக்கே தெரியாது. இதையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துத் தள்ளிவிட்டேன். சார் அன்று மாலையே அறிக்கை எழுத ஆரம்பித்தார். இரண்டாவது வரி நிறைவேறியது, வரும் வெள்ளத்திலிருந்து குஞ்சு விடுவது நிறுத்தப்படும், குளத்தைக் கட்லாவுக்குக் கொடுத்துவிடலாம். சுவரில் முதல் இரண்டு வரிகளுக்குப் பக்கத்திலும் கரியால் கோடு போட்டார்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு அவர் மேலிடத்துக்குப் போன நாளில், சேல்கெண்டைக் குளத்தை வடிக்கச் சொல்லியிருந்தார். துடுப்பு வெட்டிய குஞ்சுகளில் கொஞ்சத்தை ஆற்றில் விடாமல், தாய்மீனாக வளர்ப்பதற்கென்று அந்தக் குளத்திலேயே வைத்திருந்தோம். அவை அத்தனையும் என் கையால் நுனி வெட்டியவை, வெட்டாத குஞ்சு ஒன்றுகூட அதில் கிடையாது. தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் கூடையால் அள்ளினேன். இரண்டு வருடத்தில் நன்றாக வளர்ந்திருந்தன. ஒன்றை மல்லாத்தினேன், சும்மா, கைப் பழக்கம். இடது துடுப்பு முழுசாக இருந்தது. இன்னொன்றை எடுத்தேன். முழுசாக இருந்தது. கூடையில் இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றில்கூட வெட்டு இல்லை. நான் வெட்டிய இடமெல்லாம் முளைத்து, வலதும் இடதும் ஒரே அளவாக விரிந்து நின்றது.

வலைக்காரரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் மீன்களைத் தானும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஆத்துல மீனு கீதா, இல்லியா?" என்றார்.

"கீது. ஆனா நாம உட்டதுதானே அண்ணாத்தே?"

"எவன் உட்டா இன்னா? மீனு கீது. அவ்ளோதான். அந்தாளு ரெண்டு வருசம் கழிச்சு இப்பதான் சிரிச்சுகினு கீறாரு. நீ போயி அதுல மண்ணைப் போடாத."

வீட்டுக்காரர் வேறு விதமாகச் சொன்னார். "இன்னாமே, மீனுக்கு செட்டை மொளைச்சதுக்கு நீ ஏன் சோறு துண்ணாம குந்திகினு கீற? சொன்னா உன்ன வேலைய உட்டுத் தூக்குவாங்க. அப்பறம் செட்டைய நெனச்சு அழுவியா, வேலைய நெனச்சு அழுவியா?" கோபமில்லாமல், சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வலைக்காரர் சொன்ன கணக்கு தப்பு என்று மட்டும் புரிந்தது. நாங்கள் விட்டதால்தான் மீன் இருக்கிறது என்றால், விடுவதை நிறுத்திய மறுவருடம் இருக்காது. அப்போது குளமும் இருக்காது, தாய்மீனும் இருக்காது. சுவரில் மட்டும் இரண்டு கோடு இருக்கும்.

மறுநாள் காலை சார் வந்ததும் அலுமினியத் தட்டில் தண்ணீர் ஊற்றி ஒரு மீனைக் கொண்டுபோய் அவர் மேசை மேல் வைத்தேன். என்ன பேசுவது என்று ராத்திரி முழுக்க யோசித்தது எல்லாம் மறந்துவிட்டது. மீனைத் திருப்பி, துடுப்பை விரித்துக் காட்டினேன்.

"ஆத்து மீனாக்கா? எந்த மடுவு?"

"இல்ல சார். இது நம்ம குளத்து மீனு. நான் வெட்டினது."

அவர் புரியாமல் பார்த்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. எழுந்து அலமாரியிலிருந்து கண்ணாடிச் சீசாவை எடுத்தார். ஆற்றில் பிடித்த முழுத் துடுப்பு மீன்களில் சிலதை மருந்துத் தண்ணீரில் போட்டு வைத்திருந்தார், பின்னால் பெரியவர்களிடம் காட்டுவதற்கு. ஒவ்வொன்றாக எடுத்து, செதில் பார்க்கிற பூதக்கண்ணாடியை இடது துடுப்பின் மேல் பிடித்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். துடுப்புக்குள் ஓடுகிற நரம்பு மாதிரியான கோடுகள் வலதில் நேராக ஓடின. இடதில் நுனிக்குச் சற்று முன்னால் முறிந்து, கோணலாகத் திரும்பி, அதற்கப்புறம் ஓடின. நான் வெட்டிய இடம் அது. அப்படியே என் கத்தரி போன வழி தெரிந்தது.

எல்லாம் அப்படித்தான். இரண்டைத் தவிர. அந்த இரண்டில் இடதும் வலதும் ஒரே நேர்க்கோடு. சார் அந்த இரண்டையும் தனியாக எடுத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த ஆசையை நான் இன்றுவரைக்கும் மறக்கவில்லை.

"எக்கா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வெட்டாமலே விட்ட குஞ்சு எதும் உண்டுமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு மீன் ஆற்றில் பிறந்ததாகிவிடும். அந்த மனிதர் இரண்டு வருடம் பட்ட பாட்டுக்கு இரண்டு மீன். நான் யோசித்தேன். எல்லாவற்றையும் வெட்டினேன் என்றுதான் நினைப்பு. ஆனால் கத்தரி படுவதற்கு முன் கையிலிருந்து நழுவி வாளிக்குள் விழுந்தது ஒன்றிரண்டு உண்டு. அதைத் தேடிப் பிடித்தேனா, விட்டேனா?

"தெரியல சார்" என்றேன். "நழுவி உழுந்தது இருக்கலாம்."

அவர் தலையை ஆட்டினார். அந்த இரண்டையும் மற்றவற்றோடு சீசாவுக்குள் போட்டார். "சந்தேகம்னா நம்ம மீனுன்னுதான் வச்சுக்கிடணும்" என்றார், எனக்கு இல்லை, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி.

கொஞ்ச நேரம் கழித்து, ஏன் நுனியோடு விட்டேன் என்று கேட்டார். வெள்ளைப் பூத்து மிதந்த குஞ்சுகளைச் சொன்னேன். அவருக்கு அது தெரியவே தெரியாது. "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"திட்டுவீங்கன்னு பயம் சார்."

"திட்டியிருப்பேன்" என்றார். அப்புறம் தட்டிலிருந்த மீனை மறுபடி மல்லாத்திப் பார்த்தார். "அங்கதாங்கா தப்பு. நானும் நாலஞ்ச எடுத்துப் பாத்தேனே. குட்டையா இருந்துச்சு, போதும்னு விட்டேன். அடி வரைக்கும் போயிருக்கான்னு பாக்கல."

அன்றைக்கே பஸ் பிடித்து மேலிடத்துக்குப் போனார். முந்தின நாள் கொடுத்த அறிக்கையைத் திரும்பக் கேட்டு, குறி போடும் முறையில் தன் மேற்பார்வை போதவில்லை, இலக்கு எட்டவில்லை, ஆற்றில் பிறந்த குஞ்சு ஒன்றும் உறுதியாக இல்லை என்று எழுதிக் கொடுத்தார். என் பேர் அதில் எங்கும் இல்லை. பெரிய அதிகாரி, "ஒரு மீன் ஆத்துக்குத் திரும்பி வந்தது, வராதது எல்லாம் நீங்களே முடிவு பண்றீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாராம். சாருக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் அவரைத் தாண்டி மேலே போனார்கள். இதெல்லாம் அவர் சொல்லி எனக்குத் தெரியாது. பண்ணைக்கு வந்த ஜீப் டிரைவர் சொன்னது. ஆனால் ஒன்று, சேல்கெண்டைக் குளம் எங்களிடமே இருந்தது. கட்லாக் குஞ்சோடு வந்த வண்டி வேறு குளத்துக்குப் போனது. வடித்த குளத்தில் மறுபடி தண்ணீர் விட்டோம்.

அடுத்த வெள்ளத்தில் அவர் செய்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். துடுப்பு வெட்டுகிற இடத்தில், என் வலது கைப் பக்கம், ஒரு சிமெண்டுத் தொட்டி கொண்டுவந்து வைத்தார். வெட்டக் கை வரவில்லையா, நழுவிவிட்டதா, சரியாக விழவில்லை என்று தோன்றுகிறதா, அந்தக் குஞ்சை இதில் போட்டுவிட வேண்டும். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள், எத்தனை என்று எண்ண மாட்டார்கள். அந்தத் தொட்டி மீன் ஆற்றுக்குப் போகாது, குளத்திலேயே வளரும். வெட்டுக்கு முன்னும் பின்னும் குஞ்சை உப்புத் தண்ணீரில் முக்கி எடுக்கவும் வைத்தார், அதனால் வெள்ளைப் பூப்பது பெரும்பாலும் நின்றது. வலைக்காரர் அந்தச் சிமெண்டுத் தொட்டிக்கு "அக்காவோட மனசாட்சி" என்று பேர் வைத்தார். "இன்னிக்கு மனசாட்சி ரொம்பிப்போச்சா, தண்ணி மாத்தணுமா?" என்று தினமும் கேட்பார். முதல் வாரம் அந்தத் தொட்டி நிரம்பித்தான் வழிந்தது. போகப் போக என் கை பழகியது. இரக்கத்துக்கு ஒரு இடம் இருக்கிறது என்று தெரிந்ததும், கத்தரி பிடிக்கிற கைக்குத் தயக்கம் குறைந்தது. அது எப்படி என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை.

மறுவருடம் தையில் பிடித்ததில், பழைய பெரிய மீன்களை ஒதுக்கிவிட்டால், மற்றதெல்லாம் இடது துடுப்பு இல்லாத மீன். ஒன்றுகூட விலக்கில்லை. சார் சுவரில் கோடுகளை அழித்துவிட்டு ஒரு பெரிய பூஜ்யம் போட்டார். வலைக்காரர் அதைப் பார்த்து, "இட்லி நல்லாத்தான் கீது" என்றார். அதற்கடுத்த வருடம் நல்ல மழை. ஆறு ஒரு மாதத்துக்கு மேல் நின்று ஓடியது. தண்ணீர் தெளிந்ததும் வலை போட்டதில், கூட்டத்துக்கு நடுவில் விரல் நீளத்தில் மூன்று குஞ்சு. மல்லாத்தினார். பூதக்கண்ணாடி பிடித்தார். இடதும் வலதும் நேர்க்கோடு. இந்த முறை அவர் சிரிக்கவில்லை. மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"அடியோட வெட்டினேன் சார்" என்றேன். "ஆத்துக்குப் போனது எல்லாத்தையும். சந்தேகம் இருந்தது எல்லாம் தொட்டியில கீது."

அப்போது சிரித்தார். அந்தச் சிரிப்பில் சத்தம் இருந்தது. மடுவின் அந்தக் கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று குஞ்சையும் அவர் சீசாவில் போடவில்லை. எங்கே எடுத்தாரோ அங்கேயே குனிந்து விட்டார்.

மூன்றாவது வரியை அந்த ஆறு பார்க்கவில்லை. அடுத்த வெள்ளத்துக்கு முன்பே சாருக்கு மாற்றல் வந்துவிட்டது, தெற்கே எங்கோ ஒரு அணைக்கு. புதிதாக வந்தவருக்கு ஏழு குளமும் கட்லாவுக்கு வேண்டியிருந்தது. அவரையும் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கு வந்த உத்தரவு அது. மேலே ஆவடிப் பக்கம் வீடுகள் பெருகப் பெருகக் கழிவுத் தண்ணீர் ஆற்றுக்கு வழி கண்டுபிடித்தது. தையில் தெளிகிற தண்ணீர் தெளியாமல் போனது. சார் இரண்டு வருடம், மழை ஓய்ந்ததும் ஒரு கார்டு போடுவார். குசலம் விசாரிப்பு ஒரு வரி, அப்புறம், மீன் வந்ததா, துடுப்பு பார்த்தீர்களா என்று ஒரு வரி. எழுத்துக் கூட்டி எழுதிப் பதில் போடுவேன், வரவில்லை என்று.

எழுபதுகளின் கடைசியில், ஒரு மழைக்குப் பிறகு, வலைக்காரர் ஈர வேட்டி மடிப்பில் எதையோ சுருட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. "பாரும்மே" என்று பிரித்தார். முழ நீளச் சேல்கெண்டை. செவுள் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. துடுப்பை விரித்தோம். இரண்டும் முழுசு. வலைக்காரர் குதிக்காத குறை. "ஆத்து மீனு! ஆத்துல பொறந்தது!" என்னிடம் பூதக்கண்ணாடி இல்லை. கண்ணுக்குக் கோடு நேராகத்தான் தெரிந்தது, ஆனால் என் கண் என்ன கண்? இவ்வளவு பெரிய மீனுக்கு வயது பல வருடம் இருக்கும். நான் நுனி வெட்டிய காலத்து மீனாகவும் இருக்கலாம். தொட்டி நீரில் வைத்துப் பிழைக்க வைக்கப் பார்த்தோம், பிழைக்கவில்லை. சாருக்குக் கார்டு போட்டேன். முழுத் துடுப்பு, பெரிய மீன், ஆனால் உறுதி இல்லை என்று எழுதினேன். பதில் வரவில்லை. கார்டு போய்ச் சேர்ந்ததா, அவர் அங்கே இருந்தாரா, இல்லை வேறு எங்காவது மாறிவிட்டாரா, தெரியவில்லை. விலாசத்தைச் சரியாக எழுதினேனா என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் ஐயப்பன்தாங்கலில் மகள் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். கல்லூரியில் ஆறு, மீன் பற்றிப் படிக்கிறாளாம். கூவத்தில் முன்பு என்னென்ன மீன் இருந்தது, மறுபடி எதைக் கொண்டுவரலாம், எவ்வளவு வந்தால் வந்ததாக அர்த்தம் என்று ஊர் ஊராகப் பழைய ஆட்களைத் தேடிக் கேட்கிறாள். கையில் அச்சடித்த தாள். சேல்கெண்டை என்று நான் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதை நேரில் பார்த்ததாகச் சொன்ன முதல் ஆள் நான்தானாம். எல்லாம் கேட்டாள், எல்லாம் சொன்னேன். கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. ஆற்றில் பிறந்த மீன் கடைசியாகப் பார்க்கப்பட்ட வருடம். வலைக்காரர் வேட்டியில் கொண்டுவந்த அந்த வருடத்தைச் சொன்னேன். சந்தோஷமாக எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போய்விட்டாள். நல்ல பெண். மகளிடம் போன் நம்பர் கொடுத்திருந்தாள்.

அவள் தெரு முனை திரும்புவதற்குள் எனக்கு அந்தப் பழைய பயம் வந்துவிட்டது. இரண்டு நாள் பார்த்தேன். அடுப்பை அணைத்தேனா, கதவைச் சாத்தினேனா என்கிற மாதிரிப் பயம்தான் என்று தள்ளிப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலை மகளைப் போன் போட்டுத் தரச் சொன்னேன்.

"அந்த வருசத்த அடிச்சுடும்மா" என்றேன். "அந்த மீனு ஆத்து மீனுதானான்னு எனக்கு நிச்சயமா தெரியாது. எங்க மீனாவும் இருக்கலாம். அதுக்கு முன்னாடி மூணு குஞ்சு பாத்தோம்னு சொன்னேனே, அந்த வருசத்த போடு. அது நிச்சயம்."

"அப்போ ஏழெட்டு வருஷம் முன்னாடியே போயிடுமே அம்மா. சந்தேகம்தானே, இருந்துட்டுப் போகட்டுமே?"

"வேணாம்மா."

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற ஓசை கேட்டது. "சரிம்மா. அந்தப் பெரிய மீனுக்கு எதிர்ல என்ன எழுதட்டும்?"

"சந்தேகம்னு எழுது."

எழுதிவிட்டதாகச் சொன்னாள். நான் விடவில்லை. எழுதினதைப் படித்துக் காட்டச் சொன்னேன். படித்தாள். இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே இன்னொரு தரமும் படித்தாள்.